பொங்காத ரொட்டியின் பதினேழாம் பொருள்

சிரில் ஹோல்டனின் ரொட்டிக்கடை ஜன்னலில் அந்தக் கடிதம் ஏறியது ஒரு வியாழக்கிழமை காலையில். புதன்கிழமை வரைக்கும் அந்த இடத்தில் ஒரு பீங்கான் பன்றி நின்றுகொண்டிருந்தது. பன்றியை இறக்கிவிட்டு, கல்யாண போட்டோவுக்குப் போடுகிற தங்க முலாம் சட்டம் ஒன்றில் கடிதத்தை அடைத்து அங்கே நிறுத்தியிருந்தார்.

எதிர்ச்சாரியில் இருக்கிற ரொட்டிக்கடை ஆம்புரோஸ் டக்வர்த்துடையது. மாவுக் கையோடு அவர் தன் கடைவாசலில் வந்து நின்று பார்த்தார். சுகாதார இன்ஸ்பெக்டர் ஒட்டிய நோட்டீஸ் என்றுதான் முதலில் நினைத்தார். நினைத்த அந்த ஐந்து நிமிஷம் அவருக்கு ரொம்ப நன்றாக இருந்தது. அதற்குள் பஞ்சாலைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் நின்று படிப்பதும், சிரில் உள்ளேயிருந்து தலையை ஆட்டிக்கொள்வதுமாக இருந்தார்கள். நோட்டீஸ் வந்தவன் முகம் இப்படி இருக்காதே என்று ஆம்புரோஸுக்குத் தோன்றியது. தெருவைத் தாண்டிப் போனார். பம்ப் தெருவின் அந்தப் பக்கத்தை அவர் மிதித்து ஏழு வருஷம் இருக்கும்.

கடிதம் லண்டனிலிருந்து வந்திருந்தது. சிங்கம் ஒன்று இறகுப்பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முத்திரை. சொற்பொருள் எதிர்ப்பொருள் கழகம் என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, சிரில் ஹோல்டன் அவர்கள் 1951 மார்ச் மாதம் தம் ஊரான கிளெக்டனின் வாரத்தாளில் வெளியிட்ட 'உங்கள் வீட்டு ரொட்டி ஸேட் ஆகிவிட்டதா? ஹோல்டனிடம் வாருங்கள்' என்ற வாக்கியம், ஸேட் என்னும் சொல்லின் பதினேழாம் பொருளுக்கு முதற்சான்றாக ஏற்கப்பட்டது என்றும், அவர் பெயர் அகராதியில் அச்சாகும் என்றும் எழுதியிருந்தது. கடைசி வரி: எதிர்ப்பொருள் இன்னும் கிடைக்கவில்லை.

ஸேட் என்றால் சோகம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். வட இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயரில் அடுப்புப் பக்கம் நிற்கிறவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். மாவு பொங்காமல், உள்ளே களியாக இறுகி, வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு வருகிற ரொட்டிதான் ஸேட். நன்றாகப் பொங்கிப் பஞ்சாக வந்தால் லைட். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது. எங்கள் ஊரில் பிறந்த எல்லாரும் பல் முளைக்கிறபோதே கற்றுக்கொள்கிற சொல். ஆம்புரோஸே ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். ஊர்ப் பொதுக் கிணற்றை ஒருத்தன் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டான் என்றால் எப்படி இருக்கும். அப்படி இருந்தது அவருக்கு.

"வா டக்வர்த்து. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி, எழுத்து பொடிசு" என்றார் சிரில், வாசலுக்கு வந்து.

நாற்பது வருஷமாக எல்லாரும் சொல்கிறதை நீ சொன்னதாகப் போட்டிருக்கிறானே என்று ஆம்புரோஸ் கேட்டார்.

"எல்லாரும் சொன்னாங்க. நான் அச்சுல போட்டேன்" என்றார் சிரில்.

அன்றைக்கு ஆம்புரோஸ் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். ரொட்டி திரும்பி வந்தது.

ஒரு மாதத்தில் காரியம் கைமீறிப் போயிற்று. சர்ச் பாதிரியார் பிரசங்கத்தில் சிரிலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஊர் பாண்டுவாத்தியக் குழு ஆண்டுவிழாவில் முன்வரிசையில் நாற்காலி போட்டது. மாதர் சங்கத்தில் 'சொல்லும் நானும்' என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். வாழ்நாளில் வாராந்திரத் தாளில் குதிரைப் பந்தயப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர். சிரிலின் ரொட்டி முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அதே மாவு, அதே அடுப்பு, அதே சிரில்.

ஆம்புரோஸின் மனைவி ஹில்டா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் நிற்பது அவள்தான். மாவு பிசைகிற மேஜையை ஆம்புரோஸ் ஜன்னலுக்கு எதிராகத் திருப்பிப் போட்டதையும், பிசைகிற நேரமெல்லாம் எதிர்க்கடையில் எத்தனை தலை நிற்கிறது என்று எண்ணுவதையும் அவள் கவனித்தாள்.

"அவன் பேரு புஸ்தகத்துல வந்தா உன் கையி சுருங்கிடுமா ஆம்புரோஸு? மாவைப் பாரு" என்றாள்.

அவர் மாவைப் பார்க்கவில்லை. கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவருக்கு அது நாலு சாயங்கால வேலை. அந்தச் சொல்லைத் தான் சிரிலுக்கு முன்பிருந்தே சொல்லிவருவதாகவும், அதற்குச் சாட்சி சொல்ல முந்நூறு பேர் இருப்பதாகவும், அதன் எதிர்ப்பொருள் லைட் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும் என்றும் எழுதினார். பதில் பதினோரு நாளில் வந்தது. பேச்சு சான்றாகாது. சாட்சிகள் சான்றாக மாட்டார்கள். கையால் எழுதிய கடிதமும் சான்றாகாது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, மிக்க நன்றி.

படித்தவன் ஒரே கடிதத்தில் இரண்டு தடவை நன்றி சொன்னால் அவனை நம்பக் கூடாது. ஆம்புரோஸும் நம்பவில்லை. இவர்கள் ரொட்டியைக் கண்ணால் பார்க்காததுதான் குறை, நேரில் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று முடிவு செய்தார்.

அதற்கு ஒரு ஸேட் ரொட்டி வேண்டும். இருபத்துநாலு வருஷமாக அவர் கடையில் அப்படி ஒன்று விழுந்ததில்லை. ஈஸ்ட்டைக் குறைத்துப் பார்த்தார், பொங்கிவிட்டது. மாவைக் குளிரில் வைத்துப் பார்த்தார்; அப்படியும் மெல்ல மெல்லப் பொங்கிவிட்டது. மூன்றாவது தடவை வெந்நீரில் ஈஸ்ட்டைக் கொன்று, மாவை முஷ்டியால் குத்தி, கல்லை வைத்து அமுக்கினார். நாலு பவுண்டுக்கு ஒரு செங்கல் வந்தது. பிள்ளை பெற்றவன் முகத்தோடு அதைத் துணியில் சுற்றினார். ஹில்டா லண்டன் ரயிலுக்கு ரெண்டு சீஸ் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள்.

கழகத்தின் கட்டிடம் பெரிய பாங்கு போல் இருந்தது. வாசல் காவலாளியின் நோட்டில் தொப்பி, கைத்தடி, குடை என்று மூன்றே கட்டங்கள். ரொட்டிக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத பொருள் உள்ளே போக முடியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் காவலாளி அதைக் குடை என்று பதிந்துகொண்டான். நனைந்த குடையென்றால் கீழேயே நிற்க வேண்டும், காய்ந்த குடை மேலே போகலாம் என்றான். தொட்டுப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது.

மேலே நீளமாக ஒரு தாழ்வாரம். ஸேட் என்ற சொல்லுக்கு மட்டும் அந்த மாடி முழுவதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அறை, ஒரு அதிகாரி. எதிரே அந்தப் பொருளின் எதிர்ப்பொருளுக்கு ஒரு அறை, வேறொரு அதிகாரி. பொருள்காரரும் எதிர்ப்பொருள்காரரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி, பேசினால் ஒத்துப்போய்விடுவார்களாம். பியூன் ஒருவன் காகிதத்தை நாலடி தூரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவான். முதலாம் பொருள், வயிறு நிறைந்தது. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தமாம். அந்த அறை அதிகாரி பதினொரு மணிக்கே சாப்பிடப் போயிருந்தார். நாலாம் பொருள், அசையாத உறுதி. அந்த அதிகாரி வரலாமா போகலாமா என்று கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒன்பதாம் பொருள், மங்கிய நிறம். பன்னிரண்டாம் பொருள்தான் ஊருலகத்துக்குத் தெரிந்த சோகம். அந்த அறையில் ஒரே சிரிப்பு, டீ வந்திருந்தது.

பதினேழாம் அறையில் மொத்த மாடிக்கும் தலைவரான டாக்டர் லாஸல்ஸ் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், சுத்தமான நகம். ஆம்புரோஸ் துணியை அவிழ்த்து ரொட்டியை மேஜையில் வைத்தார். மைக்கூடு குதித்தது.

"இதுதாங்க ஸேட்" என்றார்.

லாஸல்ஸ் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"விரோதம் ஒண்ணும் இல்ல மிஸ்டர் டக்வர்த். ஆனா இதைப் படிக்க முடியாதே. உங்க மாவு பொங்குச்சா பொங்கலையாங்கிறது எங்களுக்கு விஷயமே இல்ல. பொங்கலைன்னு யாராவது அச்சடிச்சிருக்காங்களா, அதுதான் விஷயம். நாற்பத்தாறு வருஷமா நாங்க இந்த மொழியைக் காப்பாத்திட்டு வர்றோம். எங்களுக்கு இடைஞ்சல் யாருன்னு நெனைக்கிறீங்க? இதைப் பேசுறவங்கதான். நாங்க ஒரு சொல்லை முடிச்சு, கட்டி, அலமாரியில வெச்சா, மறுநாளே எவனோ ஒருத்தன் அதைப் புதுசா பேசிடறான். ஒரு பத்து வருஷம் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் Z வரைக்கும் முடிச்சுக் கொடுத்துடுவேன்."

ஆம்புரோஸ் பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் எதிர்ப்பொருளையாவது என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், லைட் என்று நான்தானே கடிதத்தில் சொன்னேன் என்றார்.

லாஸல்ஸ் முகம் கோணிப்போயிற்று. லைட் அவருடைய மாடியில் இல்லை, மேல்மாடியில் இருந்தது. அதற்கு அதிகாரி ப்ரேஸ்கர்டில் என்பவர். ஆள் அனுப்பியதும் அவரே இறங்கி வந்தார். பருத்த மனிதர், வரும்போதே மூச்சு வாங்கியது. ரொட்டியைப் பார்த்தார், ஆம்புரோஸைப் பார்த்தார், கையை விரித்தார்.

"கனத்துக்கு எதிரா லைட்டைக் கேட்டாங்க, கொடுத்தோம். இருட்டுக்குக் கேட்டாங்க, அதுக்கும் கொடுத்தோம். திரும்பி வந்தப்ப அதுல பாதி தேஞ்சுபோயிருந்துச்சு. இப்ப பொங்காத ரொட்டிக்கும் வேணுமாம். இப்படி எல்லாருக்கும் தூக்கிக் கொடுத்தா என் பிரிவுல எனக்குன்னு என்ன சார் மிஞ்சும்? அச்சுல சான்று கொண்டாங்க, யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போய்விட்டார்.

அவர் காலடிச் சத்தம் ஓய்ந்தபின் லாஸல்ஸ் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்கு நாற்பத்தோரு பொருள் கொடுத்திருக்காங்க. ஜன்னல் ரெண்டு பக்கமும். எனக்குப் பதினேழு. நானும் அவரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். நான் எதுவும் சொல்லிக்கிறது இல்ல."

அந்த ஒரு நிமிஷத்தில் ஆம்புரோஸுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. பம்ப் தெருவில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் அவர் மனசைச் சொன்னதில்லை.

சிரிலை இறக்க வழியே கிடையாதா என்று நேராகவே கேட்டார். இருக்கிறது என்றார் லாஸல்ஸ். கழகத்துக்கு யார் சொன்னது என்பது கணக்கில்லை, எது முந்தி அச்சானது என்பதுதான் கணக்கு. 1951 மார்ச்சுக்கு முன்னால் எந்தத் தாளிலாவது, இந்தப் பொருளில் அந்தச் சொல் வந்திருந்தால் போதும். ஒரு வாரம் முந்தியிருந்தாலும் போதும்.

"அப்ப சிரிலு?"

"மிஸ்டர் ஹோல்டன் எங்களுக்குத் தேவையில்லாத ஆள் ஆயிடுவார்" என்றார் லாஸல்ஸ்.

தேவையில்லாத ஆள். ரயிலில் கிளெக்டன் வரைக்கும் ஆம்புரோஸ் அதை மிட்டாய் போல வாயில் ஒதுக்கிக்கொண்டு வந்தார். ரொட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். பதினேழாம் அறையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் அது இன்றைக்கும் தடுத்து நிற்கிறது என்று கேள்வி.

ஊர் நூலகத்தில் வாரத்தாளை வருஷவாரியாகப் பெரிய கட்டுகளாக பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் காப்பவள் மிஸ் பாம்ஃப்ரெட். கடைகளுக்கு அரைநாள் விடுமுறையான புதன்கிழமை மதியம் ஆம்புரோஸ் போய் உட்கார்ந்து, 1951 பிப்ரவரியிலிருந்து பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தார். விரலை வரியின் மேல் வைத்து, உதட்டை அசைத்துத்தான் அவருக்குப் படிக்க வரும். ஸேட் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. சாவு, ஆலை மூடல், கால்பந்தில் தோல்வி, யுத்தத்தில் போன பிள்ளைகள். எல்லாம் பன்னிரண்டாம் பொருள். இத்தனை துக்கத்தைப் படிக்கிற எந்த மனுஷனுக்கும் நெஞ்சு கொஞ்சமாவது இளகும். ஆம்புரோஸுக்கு இளகவில்லை. ரொட்டியைப் பற்றி ஒருத்தனாவது எழுதியிருக்கக் கூடாதா என்று அவர்கள் மேல் கோபம்தான் வந்தது.

புதன்கிழமை போதவில்லை. திங்கள் மதியமும் போனார். பிறகு தினமும் போனார். ஹில்டா தானே மாவு பிசைந்து, தானே சுட்டு, தானே விற்றாள். அவள் சுட்டதும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாங்க வருகிறவர்கள் உன் புருஷன் எங்கே என்று கேட்பார்கள், அவள் படிக்கப் போயிருக்கிறார் என்பாள், அவர்கள் சிரிப்பார்கள். படிக்கிற மனுஷனிடம் யார் ரொட்டி வாங்குவார்கள்.

நாலாவது மாதம் 1934 ஜூலைக் கட்டில் அவர் விரல் நின்றது.

விவசாயக் கண்காட்சியைப் பற்றிய செய்தி. மழை, சேறு, பரிசு வாங்கிய பன்றி, பரிசு வாங்கிய பூசணி. கடைசியில் ரொட்டிப் போட்டி. 'புதிதாகக் கடை திறந்துள்ள திரு. ஏ. டக்வர்த்தின் ரொட்டி, நடுவரின் கத்தி அதில் சிக்கிக்கொண்டு இருவர் சேர்ந்து இழுக்கும் அளவுக்கு ஸேட் ஆக இருந்தது. முதல் பரிசு பெற்ற திரு. ஜேபெஸ் ஹோல்டனின் ரொட்டியோ மிக லைட் ஆக இருந்தது.'

ஜேபெஸ் ஹோல்டன் சிரிலின் தகப்பனார்.

ஆம்புரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நாள் அவருக்கு மறக்கவில்லை. கூடாரத்தில் குளிர், மாவு எழும்பவே இல்லை. நடுவர் தன் மேஜைக்கு வருவதற்கு முன்பே ஆம்புரோஸ் பின்பக்கமாக நழுவி வந்துவிட்டார். அப்போது கல்யாணம் பேசியிருந்த ஹில்டாவிடம், ரொட்டியை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது, அதனால் போட்டியில் கலந்துகொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். பேப்பரில் வந்திருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. மானத்துக்குப் பயந்து ஒரு வருஷம் பேப்பர் வாங்காமல் இருந்தார்.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மிஸ் பாம்ஃப்ரெட்டைக் கூப்பிட்டு, முதல் பாதி வாக்கியத்தை மட்டும் டைப் அடித்து நூலக முத்திரை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள் அவள். முத்திரை முழு வாக்கியத்துக்குத்தான். அப்படியானால் முழுவதும் போடு என்று சொல்ல அவருக்கு இன்னொரு கால் மணி பிடித்தது.

காகிதத்தை ஹில்டா படித்தாள். மறுபடி படித்தாள்.

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னே."

அவர் மேஜை டிராயரில் உறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இருபத்துநாலு வருஷமா தெருவுல எந்த நாயைப் பார்த்தாலும் நான் முறைச்சிருக்கேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "சரி போகட்டும். இதை அடுப்புல போடு. உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள்.

அவர் காகிதத்தை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இதை அனுப்பினா, இங்கிலீஷ் இருக்கிற மட்டும் டக்வர்த் ரொட்டின்னா கத்தி இறங்காத ரொட்டின்னு புஸ்தகத்துல நிக்கும். தெரியுதா உனக்கு?" என்றாள்.

"சிரிலு பேரு போயிடும்ல" என்றார்.

"அவங்கப்பன் பேரு வந்துடும்."

"செத்தவன் பேரு வந்தா எனக்கென்ன" என்றார் ஆம்புரோஸ். போய் ஸ்டாம்ப் ஒட்டினார்.

கழகத்தில் அந்தக் காகிதம் பெரிய கலகத்தை உண்டாக்கிவிட்டது. ஒரே வாக்கியத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சேர்ந்து கிடைப்பது நாற்பத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவையாம். அச்சில் வந்துவிட்டதால் ப்ரேஸ்கர்டில் லைட்டைக் கொடுத்தே ஆக வேண்டியதாயிற்று. கொடுத்துவிட்டு இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் போனார். வாக்கியம் எந்த மாடியைச் சேர்ந்தது என்று தகராறு வந்தது. நடுவில் வெட்டினால் சான்று கெட்டுவிடும். கடைசியில் ஒரு துணைக்குழு கூடி, காகிதம் காலையில் லாஸல்ஸிடமும் மதியத்துக்கு மேல் ப்ரேஸ்கர்டிலிடமும் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. லாஸல்ஸ் கூட்டத்தில் பேசுகையில், எங்கோ ஒரு சேற்றுக் கூடாரத்தில் ஒரு ஏழை ரொட்டிக்காரன் பட்ட அவமானம் நம் மொழிக்கு எவ்வளவு பெரிய செல்வம், இத்தகைய அவமானங்கள் நாட்டில் பெருக வேண்டும் என்று கண்கலங்கச் சொன்னதாக அச்சிட்ட அறிக்கை ஒன்று ஆம்புரோஸுக்கும் வந்தது.

சிரிலுக்கு வந்தது இரண்டு கடிதம். முன்பு அனுப்பிய கடிதத்தை ஒரு வாரத்துக்குள் பதிவுத்தபாலில் திருப்பி அனுப்பவும், சட்டத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஒன்று. காலஞ்சென்ற ஜேபெஸ் ஹோல்டனின் ரொட்டி எதிர்ப்பொருளுக்குச் சான்றாக ஏற்கப்பட்டது, வாரிசு என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறோம் என்று இன்னொன்று.

ஆம்புரோஸ் சிரிலின் சட்டத்தைவிட இரண்டு அங்குலம் பெரிய சட்டம் வாங்கினார். ஜன்னலில் இருந்த கேக்குகளையெல்லாம் அகற்றிவிட்டு, கழகம் தனக்கு அனுப்பிய ஏற்புக் கடிதத்தை வைத்தார். டக்வர்த்தின் ரொட்டி கத்தி சிக்கிக்கொள்ளும் அளவுக்கு என்று தெருவிலிருந்தே படிக்கலாம். எதிரே சிரில் தன் அப்பாவின் கடிதத்தை வைத்தார். ஹோல்டனின் ரொட்டி மிக லைட் என்று அதையும் தெருவிலிருந்தே படிக்கலாம். பஞ்சாலைப் பெண்கள் நடுத்தெருவில் நின்று இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை கழுத்தைத் திருப்பினார்கள்.

திருமதி டாட்டர்சால் நெசவுக்காரி, கடை திறந்த நாளிலிருந்து டக்வர்த் ரொட்டியைத் தவிர வேறு தொடாதவள். அவள் வாசலோடு நின்றுவிட்டாள். "நீயே எழுதி மாட்டி வெச்சிருக்கியே கண்ணு. இதுக்கு மேல நான் எப்படி வாங்குறது?" என்றாள். வாங்காமலே போனாள்.

ஆம்புரோஸுக்கு அது உறைக்கவில்லை. கடிதத்தோடு வந்த அகராதிப் பக்கத்தின் மாதிரியில் யார் பேர் முதலில் வருகிறது என்று ஹில்டாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். பொருள் பெரிய எழுத்தில் மேலே. எதிர்ப்பொருள் அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில், கீழே. ஹில்டா அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு மோர்கம்பில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ரொட்டி வெளியில் வாங்குகிறார்கள் என்று போகும்போது சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துச் சிரில் தெருவைத் தாண்டி வந்தார். ஆம்புரோஸ் கடையில் யாரும் இல்லை. சிரில் கடையில் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. அதை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். முகம் வெளிறி, இரண்டு நாளாகச் சவரம் செய்யாமல் இருந்தார். ஆம்புரோஸுக்கு அந்த முகத்தைத் தெரியும். ஆறு மாதமாகத் தன் கண்ணாடியில் அவர் பார்த்த முகம்.

"உன்னோடது பெரிய எழுத்துல வருதாமே" என்றார் சிரில்.

"ஆமா."

"எங்கப்பாவோடது அடைப்புக்குறிக்குள்ள."

"எதிர்ப்பொருள்னா அப்படித்தான் போடுவாங்க."

சிரில் சட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பார்த்தார். "எங்கப்பன் ஒண்ணும் தினமும் நல்லா சுட்டவன் இல்ல, டக்வர்த்து. தின்னு வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அது மாதிரி ரொட்டி இந்த மாவட்டத்துலயே கிடையாது. சுவத்துல அடிச்சா சுவரு போயிடும்."

"சொன்னா ஆச்சா. அச்சுல இருக்கணும்" என்றார் ஆம்புரோஸ். டாக்டர் லாஸல்ஸின் குரல் அவருக்கு நன்றாகவே வந்திருந்தது.

"இருக்கும். எங்க குடும்பத்தைப் பத்தி எழுதாத பேப்பரா" என்றார் சிரில். தன் கடையில் நின்ற கூட்டத்தைக் கடந்து நேரே நூலகத்துக்கு நடந்தார்.

அந்தச் சனிக்கிழமை சர்ச்சில் ஞாயிற்றுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உல்லாசப் பயணம். இருநூறு பன் சொல்லியிருந்தார்கள். பாதிரியார் வந்து பார்த்தபோது இரண்டு கடையும் பூட்டிக் கிடந்தன. இரண்டு ஜன்னலிலும் சட்டங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. விசாரித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். ஒரே மேஜையில், இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக, விரலை வரியில் வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் கனைத்தார். யாரும் நிமிரவில்லை. பிள்ளைகளுக்கு அன்றைக்கு பிஸ்கட்தான்.

பதினொரு மணி வாக்கில் சிரில் நிமிர்ந்தார். கண்ணில் நீர் ததும்பியது.

"1909 நவம்பர். எங்க தாத்தா. ஸேட்னுதான் போட்டிருக்கான். பன்னிகூட வேண்டாம்னு சொல்லிடுச்சாம்" என்றார்.

டக்வர்த் வம்சத்தில் ஆம்புரோஸுக்கு முன்னால் யாரும் ரொட்டி சுட்டதே கிடையாது. அப்பாவும் தாத்தாவும் நெசவாலையில் இருந்தவர்கள். இருந்தாலும் ஆம்புரோஸ் எழுந்து போய், மிஸ் பாம்ஃப்ரெட்டிடம் 1908-ஆம் வருஷத்துக் கட்டைக் கேட்டார்.